‘ஒரே நாளில் ரங்கூன்’: ஒரு வழிகாட்டியின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சுற்றுலாப் பக்கத்தில் வந்த ‘ஒரே நாளில் ரங்கூன்’ என்ற குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் குறிப்பை நான் தேடிப் படிக்கவில்லை, அதுவே என்னைத் தேடி வந்தது. சென்ற குளிர்காலத்தில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதியர் அதைக் கத்தரித்து, நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் இடத்துக்குப் போய் இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பேனாவால் ஒரு சரிக்குறி போடுவார். பிறகுதான் தலையை நிமிர்த்தி எதிரே இருப்பதைப் பார்ப்பார். அன்று அவர்களுக்கு வழிகாட்டியாகப் போனவன் நான். கணவரை ஐயா என்றும் மனைவியை ஆச்சி என்றும் அழைத்தேன்.

ரங்கூனின் இன்றைய பெயரான யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன். உரிமம் பெற்ற வழிகாட்டி. உரிமத்தில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். இங்கே எங்களில் பலருக்கும் அப்படித்தான். நீங்கள் ரங்கூன் என்று எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை, நாங்களும் வீட்டில் அப்படியே சொல்கிறோம். என் வருத்தமெல்லாம் அந்த அட்டவணையின் மேல். காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்குள் பதினோரு இடங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஆகவே எல்லோரும் கார் அல்லது பஸ். நகர நடுவில் இருக்கும் சூலே கோபுரத்திலிருந்து வடக்கே காபா ஏ கோபுரம் வரை போக, சில மாலைகளில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். உங்கள் அட்டவணையில் அதற்குப் பத்து நிமிடம்.

‘மாலையில் சற்று நேரம் வட்ட ரயிலில் சுற்றி வரலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பாதை சுமார் 46 கிலோமீட்டர், 39 நிலையங்கள். சுற்றி முடிக்க மூன்று மணி நேரம். மெதுவாகப் போகும், சன்னலோரம் உட்கார்ந்தால் கீரைத் தோட்டங்களும் சந்தைக் கூடைகளும் தெரியும், எனக்கும் பிடித்த ரயில்தான். ஆனால் அதில் மாலை ஆறு மணிக்கு ‘சற்று நேரம்’ என்று ஏறினால், இன்செயின் பக்கம் எங்காவது இருட்டில் இறங்கி டாக்சி தேட வேண்டியிருக்கும். காலை உணவுக்கு ‘பர்மியரின் அரிசி நூடுல்ஸ் சூப்பான மோஹிங்காவைச் சுவையுங்கள்’ என்கிறீர்கள். அது மீன் குழம்பு, ஐயா. கெளுத்தி மீனை வேகவைத்துக் கரைத்த குழம்பு. வந்தவர்கள் சைவம். கிண்ணம் வாயருகே போன பிறகு நான் தடுக்கும்படி ஆயிற்று. சைவர்கள் இங்கே ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது. ங்கப்பி என்ற புளித்த மீன் விழுது வேண்டாம், மீன் சாறு வேண்டாம், காய்ந்த இறால் பொடி வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். தேயிலை ஊறுகாய்க் கலவையில்கூட இறால் பொடி தூவித் தருவார்கள். இதை ஒரு வரியில் போட்டிருந்தால் எத்தனையோ பேருக்குப் புண்ணியமாகப் போயிருக்கும். கடைசியில் அவர்கள் அன்று காலை சாப்பிட்டது அனவ்ரத்தா சாலை ஓரத்தில் தோசை. பர்மியர்களும் வரிசையில் நின்று வாங்கும் தோசை அது.

அன்று திங்கட்கிழமை. போஜோ ஆங் சான் சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 1926இல் ஸ்காட் மார்க்கெட் என்ற பெயரில் கட்டிய அழகான கட்டடம், உள்ளே அரக்குப் பாத்திரமும் லோஞ்சி என்ற பட்டுக் கைலியும் ரத்தினக் கல்லும். இழுத்துச் சாத்தியிருந்தது. ‘வெளியே பார்த்தாயிற்று அல்லவா?’ என்று சொல்லி ஐயா சரிக்குறி போட்டுக்கொண்டார். ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்களன்றே விடுமுறை. ஒரே ஒரு நாள் வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது. உங்கள் பக்கத்தில் அது எங்கும் இல்லை.

இனி குன்றின் மேல் இருக்கும் தங்கக் கோபுரமான ஷ்வேடகோன். உங்கள் கணக்கில் அது பகல் பன்னிரண்டு மணிக்கு. காலையிலேயே நான் ஐயாவிடம் கெஞ்சினேன்: இதை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம், மதியம் சாவ்தாஜியில் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கலாம், 66 மீட்டர் நீளச் சிலை, நிழலில் நிதானமாகச் சுற்றி வரலாம் என்றேன். ‘பத்திரிகையிலேயே பன்னிரண்டு மணி என்று போட்டிருக்கிறது, தம்பி’ என்றார். அச்சில் வந்ததற்கு அவ்வளவு மரியாதை. ஷ்வேடகோன் குன்றில் படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், காலுறையும் கூடாது. நம்மவர்களுக்கு இது பழக்கம்தான், வெள்ளைக்காரர்களைப் போல முணுமுணுப்பதில்லை. ஆனால் மேலே பிரகாரம் முழுவதும் பளிங்கு. குளிர்காலமானாலும் உச்சிவெயில் இங்கே உச்சிவெயில்தான். பாய் விரித்த பாதை ஒன்று உண்டு, அதை விட்டு ஓர் அடி தள்ளி வைத்தால் துள்ள வேண்டியதுதான். தீமிதிக்கு இறங்குகிறவர்களாவது காப்புக் கட்டி விரதம் இருந்து இறங்குகிறார்கள். ஆச்சிக்கு ஏற்கனவே முழங்கால் வலி. கால்மணி நேரத்தில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்தபடியேதான் அவர்கள் இருவரும் அன்று முதல் முறையாக எதையோ கேட்டார்கள். எதிரே ஒரு சிறிய புத்தர் சிலைக்குப் பெண்கள் சின்னக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ‘அது என்ன அபிஷேகம்?’ என்றார் ஆச்சி. கோபுரத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் கிழமைக்கு ஒரு சன்னிதி உண்டு. வாரத்தில் நாள் ஏழு, சன்னிதி எட்டு. புதன்கிழமையை நண்பகலில் இரண்டாக வெட்டியிருக்கிறார்கள்: முற்பகலில் பிறந்தவர்களுக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலில் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாத யானை. அந்தப் பிற்பகலுக்கு உரிய கிரகம் ராகு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம். நவக்கிரகம் சுற்றிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் பிறந்த நட்சத்திரம் கேட்டால் பாதத்தோடு சொல்வார்கள், கிழமை கேட்டால் விழிப்பார்கள். பிறந்த தேதியைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்தோம். ஐயா சனி, ஆச்சி வெள்ளி. சனிக்குரிய மூலை தென்மேற்கு. ‘என்னை விட்டால் வேறு யாருக்குச் சனி?’ என்று சொல்லிக்கொண்டே சூடான பளிங்கில் நடந்து போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். அந்த மனிதரிடம் நகைச்சுவை இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரிய மணியின் கதையையும் சொன்னேன். 1779இல் சிங்கு மன்னர் கொடுத்த மணி. ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் நடந்த முதல் போரின்போது, 1825இல், வெள்ளையர்கள் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மணி ஆற்றில் விழுந்தது. அவர்களால் தூக்க முடியவில்லை. பிறகு பர்மியர்களே அதைத் தூக்கி மறுபடியும் குன்றின் மேல் சேர்த்தார்கள். உங்கள் குறிப்பில் இந்தக் கோபுரத்தைப் பற்றி இருப்பது ‘99 மீட்டர் உயரம், தங்கத்தால் மூடப்பட்டது’ என்ற ஒரே வரி. இணையத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து நான் சொல்ல வருவதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். ஷ்வேடகோனின் வடக்கு வாசலுக்கு அருகில் தியாகிகள் நினைவிடம் இருக்கிறது. 1947 ஜூலை 19 அன்று செயலகக் கட்டடத்தில் அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆயுதத்தோடு நுழைந்தவர்கள் விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சானையும் அவருடைய சகாக்களையும் சுட்டுக் கொன்றார்கள். விடுதலைக்கு ஆறு மாதம்கூட இல்லை. இறந்தவர்களில் ஒருவர் அப்துல் ரசாக், கல்விக்கும் தேசியத் திட்டமிடலுக்கும் அமைச்சர். மெய்க்தீலாவில் பிறந்தவர். தந்தை தமிழ் வழிவந்த முஸ்லிம், தாய் பர்மிய பௌத்தர். மாண்டலேயில் தேசியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். இந்த நாட்டின் குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 19 அன்று அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகை தமிழருக்காக ரங்கூனைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போடுகிறது. அதில் இரவு பீர் குடிக்கச் சீனர் தெருவில் எங்கே உட்காரலாம் என்பது வருகிறது, ரசாக்கின் பெயர் வரவில்லை. ஐயாவுக்கும் தெரியாது. வங்கியில் அவ்வளவு காலம் வேலை பார்த்தவர், வரலாறு படிக்கிறவர், ‘யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே, தம்பி’ என்றார். செயலகத்தைக் காட்டியபோது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தை வெளியிலிருந்தே வெகுநேரம் பார்த்தார். அது உங்கள் பட்டியலில் இல்லாத இடம். பேனாவை எடுக்கவில்லை.

ஆச்சிக்கு வேறு தேவை. அவருடைய ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முகவருக்கு உதவியாளராக, இருந்தவராம். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மலைவழியாக நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு பழைய அஞ்சலட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். கதவு எண்ணும் மொகல் ஸ்ட்ரீட் என்பதும் தெளிவாக இருந்தன. மொகல் தெருவின் இன்றைய பெயர் ஷ்வேபோந்தா தெரு. உங்கள் பட்டியலில் அதுவும் இல்லை. சூலேயிலிருந்து பொடி நடையாகப் போய்விடலாம்.

இந்த நகர நடுவைக் காரில் கடப்பது வீண். 1852இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு சூலே கோபுரத்தை நடுவில் வைத்துக் கோடு போட்டுக் கட்டிய தெருக்கள். நடந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் சூலே கோபுரம், அதற்கு எதிரே மசூதி, அந்தப் பக்கம் பாப்டிஸ்ட் தேவாலயம், கொஞ்சம் மேற்கே 26ஆம் தெருவில் யூதர்களின் பழைய ஜெப ஆலயம், கோன்சேடான் தெருவில் 1871இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயில் என்று எல்லாம் வந்துவிடும். காளியம்மன் கோபுரத்தின் வண்ணத்தைப் பார்த்து ஆச்சி, ‘எங்கள் ஊர்க் கொத்தனார் வேலைபோல இருக்கிறது’ என்றார். வாசலில் பூ விற்ற பெண்ணின் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, கூந்தலில் மல்லிகை. ஆச்சி தமிழில் விலை கேட்டார், அவள் தமிழில் சொன்னாள், ஆச்சி தமிழில் பேரம் பேசினார். பேரம் முடிந்த பிறகு அவள் பூவை ஒரு முழம் கூட்டியே கொடுத்தாள். இருவரும் பேசிக்கொண்டே இருந்ததில் அடுத்த இரண்டு இடங்களுக்கான நேரம் போயிற்று. ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

ஷ்வேபோந்தா தெருவில் இப்போது நகைக்கடைகளும் கண்ணாடிக் கடைகளும். மேல்மாடிகளில் குடும்பங்கள். யாங்கோனின் பழைய மாடி வீடுகளில் தெருப்பக்கமாகக் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கவ்வி. கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். செய்தித்தாளையோ ரொட்டிப் பையையோ கவ்வியில் மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக்கு இதுவே வசதி. ஆச்சி அந்தக் கயிறுகளைத்தான் அதிகம் படம் எடுத்தார். அஞ்சலட்டையில் இருந்த எண்ணை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. எண்கள் மாறிவிட்டன, சில கட்டடங்கள் இடிந்து புதிதாக எழுந்துவிட்டன. ஒரு பெரியவர் தன் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். பர்மியத்தில் அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ‘செட்டியார்கள் இருந்த தெரு என்று என் தகப்பனார் சொல்வார்’ என்றார், அவ்வளவுதான்.

அதற்கு மேல் அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் கணக்கெடுத்தபோது பர்மா முழுவதும் செட்டியார் வட்டிக்கடைகள் சுமார் 1,650 இருந்தன. கீழ்ப் பர்மாவின் நெல்வயல்கள் அவர்கள் கொடுத்த கடனால்தான் விரிந்தன. பிறகு நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. 1938இல் முக்கியமான பதிமூன்று நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் வசம். நிலத்தை இழந்த விவசாயியின் பேரன் இன்று எனக்கு அடுத்த வீட்டில் இருக்கிறான். ‘தமிழர் கொடிகட்டிப் பறந்த ரங்கூன்’ என்று மட்டும் எழுதினால் எங்களுக்கு அது உதவாது. ஐயாவிடமும் இதைச் சொன்னேன். முகம் சுருங்கவில்லை. வங்கிக்காரர் அல்லவா, அடமானம் என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘எங்கள் வீட்டுத் தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு’ என்றார் சற்று நேரம் கழித்து.

இவ்வளவுக்கும் நடுவில் ரத்தினக் கடை. ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ‘பத்து நிமிடம்’ என்று அழைத்துப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தார்கள். கல் விற்றால் ஓட்டுநருக்குத் தரகு, நிறுவனத்துக்குத் தரகு, வழிகாட்டிக்கும் ஒரு உறை. உறையை நான் வாங்குவதில்லை, ஆனால் அங்கே நிறுத்தாமல் போக எனக்கு அதிகாரம் இல்லை. மோகோக் கெம்பு உலகப் புகழ் பெற்றது உண்மைதான். அதை ஒரு மணி நேரத்தில் அவசரமாக வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறார்கள் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கட்டும். ஆச்சி ஒரு கல்லையும் தொடவில்லை. ‘கல் பார்க்கிற ஊரிலிருந்து வந்தவள், தம்பி, எனக்குத் தெரியாதா?’ என்றார். உங்கள் குறிப்பின் அடியில் அதே மாதிரிக் கடை ஒன்றின் விளம்பரம் இருந்ததைக் கத்தரித்த தாளிலேயே பார்த்தேன். அது உங்கள் வருமானம், நான் தலையிடவில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது: ‘எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள்?’ அன்பாகத்தான் கேட்கிறார்கள். என் பாட்டனாரின் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், அங்கே எனக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. 1964இல் கடைகள் அரசுடைமையானபோது என் பெரியப்பா கப்பலேறினார், சென்னையில் பர்மா பஜாரில் கடை போட்டார். என் தந்தை இருந்துவிட்டார். நாங்கள் இருந்தவர்களின் பிள்ளைகள். என் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், கோயிலில் நடக்கும் வகுப்பில் கற்றாள். அவளுடைய சிநேகிதிகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. வருகிறவர்கள் ‘எப்போது திரும்புகிறீர்கள்’ என்று கேட்பதை விட்டு, அந்த வகுப்பு எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டு, ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொண்டுவந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி.

உங்கள் பக்கத்தை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் பதினோரு இடங்களை நாலாக்குங்கள். காலையில் வெயில் ஏறுமுன் சூலேயைச் சுற்றி நடை, காளியம்மன் கோயில் நடை சாத்துமுன் அங்கே. மதியம் கூரை உள்ள இடம். மாலை நாலரைக்கு ஷ்வேடகோன், விளக்கு ஏற்றும் வரை. வடக்கு வாசல் வழியாக இறங்கினால் தியாகிகள் நினைவிடத்தை வெளியிலிருந்தாவது பார்க்கலாம். வட்ட ரயிலுக்கு இன்னொரு நாள் இருந்தால் மட்டும். டாலர் நோட்டு கொண்டுவருகிறவர்கள் மடிக்காமல் கொண்டுவரட்டும், மடிப்பு விழுந்த நோட்டைப் பணம் மாற்றுகிறவன் திருப்பிக் கொடுத்துவிடுவான். தெருவைக் கடக்கும்போது இடப்பக்கம் பார்க்கட்டும், 1970 முதல் இங்கே வண்டிகள் வலப்புறம் ஓடுகின்றன. திங்கட்கிழமையைப் பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டேன், அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அடுத்த மாதமும் அதே நிறுவனத்தின் வண்டியில்தான் நான் ஏற வேண்டும்.

இப்படிக்கு,
யாங்கோன் வழிகாட்டி ஒருவர்,
பபேடான், யாங்கோன்.